புரோநோட்டு தேசத்தில் பத்து நாள்

முதல் நாள்: பாஸ்டன்

நான் வந்து இறங்கிய மறுநாளே அண்ணன் மகள் அமெரிக்கக் குடிமகள் ஆகிவிட்டாள். இரண்டும் ஒத்துப்போனது தற்செயல்தான். ஊரில் எல்லாரும் நான் இதற்காகவே விமானம் ஏறியதாக நினைக்கிறார்கள், நினைக்கட்டும். இன்று பிப்ரவரி 29, 2024. "நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் நாளில் குடியுரிமை வாங்குகிறாயே, ஆண்டு விழாவுக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "செலவு மிச்சம், சித்தப்பா" என்றாள்.

விழா ஃபேனியல் மண்டபத்தில் நடந்தது. பீட்டர் ஃபேனியல் என்ற வணிகர் 1742-இல் ஊருக்குக் கட்டிக்கொடுத்த கட்டடம். பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து சாமுவேல் ஆடம்ஸ் போன்றவர்கள் முழங்கிய இடம் என்பதால் 'சுதந்திரத்தின் தொட்டில்' என்று பெயர் பெற்றது. அந்த வணிகரின் செல்வத்தில் அடிமை வணிகத்தில் வந்த பணமும் கலந்திருந்தது. இந்த நாட்டில் எந்தத் தொட்டிலைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் இப்படி ஒரு ரசீது ஒட்டியிருக்கும் போலிருக்கிறது.

மேடைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய ஓவியம். செனட் சபையில் டேனியல் வெப்ஸ்டர் பேசுகிறார். சுதந்திரமும் ஒன்றியமும் என்றென்றும் பிரியாதிருக்கட்டும் என்ற பொருளில் அவருடைய சொற்கள் கீழே பொறிக்கப்பட்டுள்ளன. அதன் முன்னால் நூற்றுக்கணக்கான பேர் வலக்கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னார்கள். எந்த அயல்நாட்டு அரசருக்கும் ஆட்சியாளருக்கும் இனி விசுவாசம் இல்லை என்று ஒரு வரி வந்தது. எங்கள் குடும்பத்தில் எந்த அரசருக்கும் விசுவாசம் பாக்கி இருந்ததில்லை. ஜமீன் காலத்து வரி பாக்கி வேண்டுமானால் இருந்திருக்கலாம்.

என்னை ஈர்த்தது வேறொன்று. அந்த உறுதிமொழியில் மண் இல்லை, மொழி இல்லை, மூதாதையர் இல்லை. அரசியல் சட்டத்தையும் மற்றச் சட்டங்களையும் ஆதரித்துக் காப்பேன் என்பதுதான் அதன் உயிர்நிலை. இங்கே ஒருவரைச் சொந்தக்காரர் ஆக்குவது ஒரு காகிதம்.

நான் வங்கியின் கடன் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவன். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் முதலில் கையெழுத்தையும் பிறகு தேதியையும் பார்ப்பேன். இந்தப் பயணம் முழுவதும் அந்தக் கண்ணோடுதான் சுற்றப்போகிறேன் என்று இப்போதே எச்சரித்துவிடுகிறேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்: ஃப்ரேமிங்ஹாம்

தூக்கம் நேரம் மாறிக் கிடக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, அண்ணன் மகள் தேர்வுக்குப் படித்த வினாத்தாளை எடுத்துப் புரட்டினேன். அவள் எழுதிய காலத்து முறையில் மொத்தம் 100 கேள்விகள். அதிகாரி அவற்றில் பத்து வரை வாய்மொழியாகக் கேட்டார், ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதுமாயிருந்தது. நாட்டின் மிக உயர்ந்த சட்டம் எது? தன்னாட்சி என்ற கருத்து அரசியல் சட்டத்தின் முதல் மூன்று சொற்களில் இருக்கிறது, அவை எவை? சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன? பொருளாதார முறை எது? (முதலாளித்துவம் அல்லது சந்தைப் பொருளாதாரம் என்று சொல்ல வேண்டுமாம். நம் ஊரில் இதற்குப் பத்துப் பக்கக் கட்டுரை எழுதியும் முடிவுக்கு வரமாட்டோம்.)

நடுவில் இரண்டு கேள்விகள் என்னை நிறுத்தின. சூசன் பி. அந்தோணி என்ன செய்தார்? மார்ட்டின் லூதர் கிங் என்ன செய்தார்? இருவரும் இந்த அரசு கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று சொல்லி அதன் கழுத்தைப் பிடித்தவர்கள். இருவரையும் கைது செய்த நாடு, இன்று புதிதாக வருகிறவர்களிடம் அவர்கள் பெயரைக் கேட்டுத் தேர்வு வைக்கிறது. எங்கள் வங்கியில் வழக்குப் போட்டவர்களின் படத்தை வாசலில் மாட்டியதாக எனக்கு நினைவில்லை.

மாலையில் மாப்பிள்ளை ஊரைச் சுற்றிக் காட்டினார். பக்கத்து ஆஷ்லாண்டில் லட்சுமி கோயில் இருப்பதால் இந்தப் பக்கம் நம்மவர்கள் நிறைய. ஆனால் நான் பார்க்க விரும்பியது ஹார்மனி குரோவ் என்ற பழைய தோப்பு இருந்த இடத்தை. இப்போது அங்கே தோப்பு இல்லை, வீடுகள்தான். 1854 ஜூலை 4 அன்று, அடிமை முறையை எதிர்த்த வில்லியம் லாயிட் கேரிசன் அங்கே கூடிய கூட்டத்தின் முன்னால் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பிரதியைத் தீயிட்டுக் கொளுத்தினார். அடிமைத்தனத்தோடு சமரசம் செய்துகொண்ட காகிதம் எரியவேண்டியதே என்பது அவர் கட்சி.

அவரோடு ஒரு காலத்தில் தோளோடு தோள் நின்றவர் ஃபிரெடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் பேசியபோது, உங்கள் ஜூலை நாலாம் தேதி ஓர் அடிமைக்கு என்ன என்று கேட்டு வெளுத்து வாங்கினார். ஆனால் அதே பேச்சில், அரசியல் சட்டம் சுதந்திரத்தின் மகத்தான ஆவணம் என்றும் சொன்னார். எரிக்கமாட்டேன், அதை வைத்தே வசூலிப்பேன் என்கிற வழி.

வெள்ளையர் எரித்தார், கறுப்பர் பத்திரப்படுத்தினார் என்பது கவனிக்க வேண்டியது. கடன்காரன் ஏமாற்றினால் கோபத்தில் புரோநோட்டைக் கிழிப்பவனுக்கு வேறு வருமானம் இருக்கும். அதைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாதவன் கிழிக்கமாட்டான்.

ஐந்தாம் நாள்: நியூ ஹாம்ப்ஷயர் வழியாக

மாப்பிள்ளையின் அலுவலக நண்பர் ஒருவர் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூரில் இருக்கிறார். நாளை அங்கே ஊர்க்கூட்டம், வாருங்கள் என்று அழைத்திருந்தார். வடக்கே காரில் போனோம். எல்லையைத் தாண்டியதும் முன்னால் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டில் 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி' என்ற வாசகம் தொடங்கிவிட்டது. புரட்சிப் போர்த் தளபதி ஜான் ஸ்டார்க் 1809-இல் எழுதிய சொற்கள். வயது வந்தவர்கள் சீட் பெல்ட் போட்டே ஆகவேண்டும் என்ற சட்டம் இல்லாத ஒரே மாநிலம் இதுதான். வாசகத்தின் இரண்டாம் பாதிக்கு அரசு செய்திருக்கும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிளேட்டுக்கு ஒரு கதை உண்டு. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மேனார்ட் என்பவர், தம் நம்பிக்கைக்கு இந்த வாசகம் ஒவ்வாது என்று அதை மறைத்துவிட்டார். அபராதம் விதித்தார்கள், கட்டமறுத்து 15 நாள் சிறையில் இருந்தார். 1977-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: ஒரு குடிமகனைத் தன் முழக்கத்தைச் சுமக்கும் விளம்பரப் பலகையாக அரசு ஆக்க முடியாது. சுதந்திரமாக வாழ் என்று எழுதியதை மறைத்ததற்காகச் சிறை! அந்தப் பிளேட்டுகளைச் செய்வதும் மாநிலச் சிறைக் கைதிகள்தானாம். இதைச் சொல்லும்போது மாப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஸ்டியரிங்கைப் பிடியுங்கள் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

ஹூக்செட் என்ற இடத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெரிய மதுக்கடை. நடத்துவது மாநில அரசு. சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, விற்பனை வரி இல்லை, அரசே எட்டி நில் என்று மார்தட்டும் ஊரில் சாராயம் மட்டும் சர்க்கார் கையில். "மாமா, நம் ஊர் நினைவு வருகிறதா?" என்றார் மாப்பிள்ளை. டாஸ்மாக் இவ்வளவு வெளிச்சமாக இருக்காது என்றேன்.

ஆறாம் நாள்: வெர்மான்ட்

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை இங்கே ஊர்க்கூட்ட நாள், மாநில விடுமுறையும்கூட. பனி உருகிச் சேறான பாதையில் பூட்ஸ் போட்டு நடந்து ஊர் மன்றத்துக்குப் போனோம். வாசலில் மேசை போட்டு வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கிறார்கள். எங்களுக்கு வாக்கில்லை, ஆகவே ஓரமாக ஒதுக்கிய நாற்காலிகள். வாக்காளர் அல்லாதவர் பேச வேண்டுமென்றால் சபை அனுமதிக்க வேண்டும் என்று நண்பர் முன்கூட்டியே சொல்லிவைத்தார், நான் ஏதோ எழுந்து பேசப்போவதுபோல.

கையில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள்: ஊரின் ஆண்டறிக்கை. சாலைக்குக் கொட்டிய உப்பிலிருந்து நூலகத்தின் மின்கட்டணம் வரை வரவு செலவு எல்லாம் அதில் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் சொத்து வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல், பெயரோடு! பெயர்க்காரர்களில் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கவும் கூடும். இந்த ஒரு வழக்கத்தை எங்கள் கிளையில் கொண்டுவந்திருந்தால் எனக்கு ரத்தக்கொதிப்பே வந்திருக்காது.

கூட்டம் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து கொடியைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து விசுவாச உறுதிமொழி சொன்னார்கள். 1892-இல் ஃபிரான்சிஸ் பெல்லாமி என்ற பாதிரியார் எழுதியது. அவர் சோஷலிஸ்ட் என்பதை இன்று யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் 1954-இல்தான் சேர்ந்தன. என் வரிசைக்கு முன்னால் ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்தபடியே பின்னல் வேலையைத் தொடர்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் கழுத்து வலித்தது.

அவர் உட்கார்ந்திருக்கும் உரிமைக்கு ஒரு தேதி உண்டு: 1943 ஜூன் 14. உலகப்போர் உச்சத்தில் இருக்கும்போது, மேற்கு வர்ஜீனியாவில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் தானே கொடுத்த தீர்ப்பை மாற்றிக்கொண்டது. அந்தப் பிள்ளைகளும் யெகோவாவின் சாட்சிகள்தான். இதன் எதிரொலி நம் பக்கமும் கேட்டது. கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்ததற்காக மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-இல் நம் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களை மறுபடி சேர்க்கச் சொன்னார். அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் அவர் எடுத்துப் பேசியிருக்கிறார்.

கூட்டத்துக்கு வருகிறேன். முதல் வேலையே கூட்டத்தை நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பது. பிறகு ஒவ்வொரு தீர்மானமாக வாசிப்பு, விவாதம், 'ஆம் என்போர்', 'இல்லை என்போர்' என்று குரல் வாக்கு. சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி எண்ணுகிறார்கள். பனி அகற்றும் லாரி புதிதாக வாங்க வேண்டும், விலை இரண்டு லட்சம் டாலருக்கு மேல். ஒரு மணி நேரம் நடந்தது அந்த ஒன்று. பழைய வண்டியின் துருப்பிடித்த அடிப்பாகத்தை ஒருவர் தம் வீட்டுக் கறவை மாட்டின் நோய்போல விவரித்தார். இன்னொருவர் ஓராண்டு தள்ளிப்போடலாம் என்றார். "போன வருஷமும் இதையேதான் சொன்னாய்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நம் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பியதைப் பார்த்தவன் நான். இங்கே டீக்கு முன் லாரி தோற்றும் போயிருக்கலாம். கடைசியில் ஜெயித்தது, சில குரல் வித்தியாசத்தில்.

மதிய உணவு ஊரார் அவரவர் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தது. எங்கள் மேசையில் பேச்சு மருத்துவக் காப்பீட்டுக்குத் திரும்பியது. ஒரு பெண்மணி சொன்னார்: வேலையை விட்டால் காப்பீடு போய்விடும், அந்தப் பயத்தில் பிடிக்காத வேலையில் பன்னிரண்டு வருஷம் கிடக்கிறேன், இதுவா சுதந்திரம்? எதிரில் இருந்த மரவியாபாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: என் வைத்தியத்தில் அரசாங்கம் கைவைத்தால் அது சுதந்திரமா? பாதுகாப்பு என்றோ சமத்துவம் என்றோ நீதி என்றோ இருவரில் ஒருவராவது வேறு சொல்லை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. அந்த ஒரு சொல்லையே இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். பிறகு மரவியாபாரி அந்தப் பெண்மணியின் பீன்ஸ் கூட்டை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

எட்டாம் நாள்: பிலடெல்பியா

நேற்று முழுவதும் பயணம். எழுத ஒன்றும் இல்லை. இன்று சுதந்திர மண்டபம். 1776-இல் சுதந்திரப் பிரகடனமும் 1787-இல் அரசியல் சட்டமும் உருவான ஒரே அறை. நம் ஊர்ப் பள்ளியின் வகுப்பறையைவிடக் கொஞ்சம் பெரிது. 1787-இல் வந்திருந்த 55 பிரதிநிதிகளில் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்கள் 39 பேர்தான் என்பதைக் கேட்டதும் எனக்குள் இருந்த வங்கிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

'எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டனர்' என்று எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய ஒரு பத்தியையும் மாநாட்டில் அடித்துவிட்டார்கள். திருப்பித் தரும் எண்ணமோ சக்தியோ இல்லாதவன் எழுதும் புரோநோட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். அனுபவத்தில் சொல்கிறேன்: எழுதியவனின் எண்ணம் எங்களுக்கு முக்கியமில்லை. எழுதியிருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, அவ்வளவுதான்.

தெருவைத் தாண்டினால் விரிசல் விட்ட சுதந்திர மணி. முன்பு இது வெறும் அரசு மாளிகை மணி. 1830-களில் அடிமை ஒழிப்புக்காரர்கள்தான் இதைத் தங்கள் சின்னமாக்கி இந்தப் பெயரைச் சூட்டினார்கள். 'நாடெங்கும் அதன் குடிகள் அனைவருக்கும் விடுதலை கூறுங்கள்' என்ற விவிலிய வசனம் அதில் பொறித்திருக்கிறது. 'அனைவருக்கும்' என்ற சொல்லை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

மணி இருக்கும் கட்டடத்தின் வாசலை ஒட்டி, ஜனாதிபதியாக வாஷிங்டன் குடியிருந்த வீட்டின் அடித்தளம். அங்கே அவர் அடிமைகளாக வைத்திருந்த ஒன்பது பேரின் பெயர்கள் சுவரில் உள்ளன. பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிமாநிலத்தவர் கொண்டுவந்த அடிமைகள் ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கோரலாம். அதனால் ஆறு மாதம் முடிவதற்குள் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார் அவர். கணக்கு முடிக்கும் மார்ச் 31-க்கு முன் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றி, ஏப்ரலில் திரும்பக் கொண்டுவரும் பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். அதே கை.

அந்த ஒன்பது பேரில் ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796-இல், வாஷிங்டன் குடும்பம் இரவு உணவில் இருக்கும்போது வீட்டைவிட்டு வெளியேறினார். ஆள் அனுப்பியும் பிடிக்க முடியவில்லை. போய்ச் சேர்ந்த இடம் நியூ ஹாம்ப்ஷயர். 1848-இல் இறக்கும்வரை சட்டப்படி அவர் அடிமையே, ஆனால் வாஷிங்டன் குடும்பத்திடம் திரும்பவே இல்லை. ஐந்தாம் நாள் நான் கேலி செய்த அந்த நம்பர் பிளேட்டை இப்போது நினைத்துக்கொண்டேன். கேலி கொஞ்சம் குறைந்தது.

இதே மண்டபத்தின் முன்னால் 1876 ஜூலை 4 அன்று நூற்றாண்டு விழா மேடையில், அழைப்பில்லாமல் ஏறிப் பெண்களின் உரிமைப் பிரகடனத்தை நீட்டினார் சூசன் பி. அந்தோணி. அவர் கேட்ட வாக்குரிமை வந்தது 1920-இல், அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து. வாரிசுகளுக்குத் தவணை போனது.

இரவு விடுதியில் தொலைக்காட்சி. ஜனாதிபதி பைடன் நாடாளுமன்றத்தில் ஆண்டுப் பேச்சு. தொடக்கமே 1941 ஜனவரியில் ரூஸ்வெல்ட் அதே அவைக்கு வந்ததைப் பற்றி. ரூஸ்வெல்ட் அன்று நான்கு சுதந்திரங்களைச் சொன்னார். அவற்றில் ஒன்று இல்லாமையிலிருந்து சுதந்திரம். வெர்மான்ட் பெண்மணியின் கட்சி! அவையில் பாதிப்பேர் எழுந்து எழுந்து கைதட்ட, மறுபாதி கல்போல உட்கார்ந்திருந்தது. அங்கே கூட்டு பரிமாற ஆளில்லை.

ஒன்பதாம் நாள்: வாஷிங்டன்

தேசிய ஆவணக் காப்பகத்தின் வட்ட மண்டபம் கோயில் கருவறைபோல மங்கலாக இருக்கிறது. புகைப்படம் எடுக்கக் கூடாது. கண்ணாடிப் பேழைகளில் பிரகடனம், அரசியல் சட்டம், உரிமைகள் சாசனம். சுதந்திரப் பிரகடனத்தில் மை ஏறக்குறைய போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைச் சன்னலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார்களாம். ஜான் ஹான்காக்கின் பிரம்மாண்டமான கையெழுத்தைக்கூடத் தேடித்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஊரில் புரோநோட்டு மூன்று ஆண்டில் காலாவதி. அதற்குள் கடன்காரர் கொஞ்சமாவது கட்டி வரவு எழுதவேண்டும், இல்லையேல் வழக்குப் போட முடியாது. இந்தக் கணக்கில் இது 1779-லேயே செல்லாமல் போயிருக்க வேண்டும்.

செல்லாமல் போகாததற்குக் காரணம் நடுவில் எழுதிய வரவுகள். 1865-இல் அடிமை முறை ஒழிப்பு, 1868-இல் சட்டத்தின் முன் சமம், 1870-இல் இனம் பார்க்காத வாக்குரிமை, 1920-இல் பெண்கள். ஒவ்வொரு வரவுக்கும் முன்னால் யாரோ அதே நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார்கள். எல்லாருக்கும் பாத்தியதை இருந்தது என்று சொல்லமாட்டேன். 1860 டிசம்பரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் கரோலைனாவும் 1776-ஐத்தான் மேற்கோள் காட்டியது. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் '1776' என்ற முழக்கம் கேட்டது. கள்ளக் கையெழுத்துப் போட்டு மேலொப்பம் செய்தவர்களும் அசல் நோட்டைத்தான் நீட்டுவார்கள். ஆகவே இவர்கள் எல்லாரும் ஒரே மதிப்புகளை நம்புகிறார்கள் என்று கேட்டால் உடனே மகிழ்ந்துவிட முடியவில்லை.

மாலை லிங்கன் நினைவகம். மேல்தளத்திலிருந்து பதினெட்டுப் படிகள் இறங்கினால், கிங் நின்று பேசிய இடத்தில் 1963 ஆகஸ்ட் 28 என்ற தேதியோடு நான்கைந்து வரி பொறித்திருக்கிறது. அந்தப் பேச்சின் கனவுப் பகுதி எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கு வெகுமுன்பே வருவது. பிரகடனத்தையும் அரசியல் சட்டத்தையும் எழுதியவர்கள் ஒரு புரோநோட்டில் கையெழுத்திட்டார்கள் என்கிறார். கறுப்பின மக்களுக்கு அமெரிக்கா கொடுத்த செக் 'போதிய பணம் இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது, ஆனால் நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்பதை நம்பமறுக்கிறோம் என்கிறார். இந்த மனிதர் 1959-இல் நம் கன்னியாகுமரிக் கரையில் நின்றவர். என் 31 ஆண்டு உத்தியோகத்தில் எந்தக் கடன் வசூல் நோட்டீசும் இவ்வளவு நன்றாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

பொறித்த எழுத்து ஆழமில்லை. வெளிச்சம் குறையக் குறையக் கண்ணுக்குப் படாமல் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் அதன்மேலேயே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி மட்டும் குனிந்து பார்த்து, தண்ணீர்ப் புட்டியிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். கல் நனைந்ததும் எழுத்து தெரிந்தது.

பத்தாம் நாள்: ஃப்ரேமிங்ஹாம்

நாள் முழுக்க ரயில். வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் அண்ணன் மகள் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தாள். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் விண்ணப்பம். கண் கலங்கியிருந்ததா, வெங்காயம் நறுக்கினாளா என்று கேட்கவில்லை.

"எங்கே கையெழுத்து, சித்தப்பா? நீங்கள்தான் பார்த்தவர்."

இடத்தைக் காட்டினேன். "போடுவதற்கு முன் முழுவதும் படித்தாயா?"

"உங்கள் கிளையில் எத்தனை பேர் படித்துவிட்டுப் போட்டார்கள்?"

யோசித்துப் பார்த்தேன். "31 வருஷத்தில் இரண்டு பேர்."

"அந்த இரண்டு பேரும்?"

"கடன் வாங்காமலே எழுந்து போய்விட்டார்கள்."

சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தாள்.